வாயில்லாத யவனன்

சரித்திரத் தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதாநாயகியைக் கொண்டுபோய் அந்தப்புரத்தில் உட்கார வைத்துவிட்டால், வாசலில் யாரையாவது நிறுத்தியாக வேண்டும். நம் ஊர்க்காரனை நிறுத்தினால் அவனுக்குப் பெயர் வைக்க வேண்டும். ஊர் சொல்ல வேண்டும். ராஜாவின் பக்கமா, சதிகாரர்களின் பக்கமா என்று அடுத்த வாரமே வாசகர்கள் கேட்டு எழுதிவிடுவார்கள். இந்தத் தொல்லை ஒன்றும் இல்லாமல் கதையை ஓட்டுவதற்கு என்னைப் போன்றவர்கள் கைக்கொண்ட உபாயந்தான் யவனன். ஏழடி உயரம், பூனைக் கண், செம்பட்டை மயிர், மார்பில் இரும்புச் சட்டை, கையில் உருவிய வாள். இவ்வளவு போதும். அவன் பேச மாட்டான். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் கிடையாது. தூங்குவதும் இல்லை.

நானும் அப்படி ஒரு யவனனை வைத்திருந்தேன். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய கதை அது. இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில், கதாநாயகியை நோக்கிப் பாய்ந்து வந்த வேலைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு அவன் விழுந்தான். அந்த வாரம் வந்த கடிதங்களைப் பார்த்து நானே திகைத்துப் போனேன். கதாநாயகன் செத்திருந்தால்கூட அத்தனை பேர் அழுதிருக்க மாட்டார்கள். சாகும் தறுவாயிலும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைத்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அதை நானும் பெரிய சாமர்த்தியம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையைத் திரும்ப அச்சிடப் போவதாகப் பதிப்பாளர் சொன்ன சமயத்தில், அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். நாலே வரி. கதையை நூலகத்தில் எடுத்துப் படித்தாராம், நன்றாக இருந்ததாம். "தங்கள் யவனனுக்கு ஏன் ஐயா பெயரே இல்லை? எங்கள் ஊர் மண்ணில் அவர்கள் பெயர்கள் கிடைத்திருக்கின்றனவே. ஒரு நாள் வந்தால் காட்டுகிறேன்" என்று முடித்திருந்தார்.

குற்றம் கண்டுபிடித்து எழுதும் வாசகர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எழுதினால் அவர்கள் விடமாட்டார்கள். ஆனால் இந்தக் கார்டு மேஜைமேல் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு வாரம் பொறுத்து, புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

வாத்தியார் பஸ் நிலையத்திலேயே காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, தோளில் ஒரு துணிப்பை. "வாங்க சார், முதல்ல காபி சாப்பிடுவோம். மேடு எங்கேயும் ஓடிப்போயிடாது. இரண்டாயிரம் வருஷமா அங்கேதான் கிடக்கு" என்றார்.

காபிக்குப் பிறகும் அவர் என்னை மேட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பாரதி பூங்காவுக்கு அழைத்துப் போனார். பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. புதுச்சேரிக்குப் போனவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். தூணும் வளைவும் முகப்புமாக, ரோமாபுரியில் ஒரு தெரு மூலையிலிருந்து பெயர்த்து வந்து வைத்தது போல இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரருக்குக் கௌரவமான கட்டடம் என்றால் கிரேக்கத் தூண் வேண்டும், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம் வேண்டியதைப் போல. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டினார்கள். ஆனால் அந்த மண்டபத்தின் பெயருக்குரியவள் கிரேக்கத் தேவதையோ, பிரெஞ்சு ராணியோ அல்ல. ஆயி என்ற தாசி.

ஊரில் வழங்கும் கதை இது. கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கமாக வரும்போது, விளக்குகள் ஜொலிக்கும் மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டார். தாசி வீடு என்று தெரிந்ததும் ராஜாவுக்கு வந்ததே கோபம்! இடித்துத் தள்ளு என்று உத்தரவு. ஆயி கெஞ்சினாள்: நானே இடித்துவிடுகிறேன், அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்ட அனுமதி கொடுங்கள் என்று. முத்திரப்பாளையத்தில் அவள் வெட்டிய அந்தக் குளத்திலிருந்துதான் பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த நன்றிக்கு எழுந்தது மண்டபம்.

"ராஜா, தாசி வீட்டைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டார். பிரெஞ்சுக்காரன் அவளுக்குக் கோயிலையே கட்டிட்டான். அதுவும் கிரேக்கக் கோயில்!" என்று வாத்தியார் சிரித்தார். "இந்த ஊர்ல கிரேக்கம், ரோமாபுரி எல்லாம் இரண்டு தடவை வந்தது சார். இது இரண்டாவது தடவை வந்தது. கண்ணுக்குத் தெரியும். முதல் தடவை வந்தது மண்ணுக்குள்ளே இருக்கு."

கடலூர்ச் சாலையில் தெற்கே நாலு கிலோமீட்டர் போய், அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பி, வீராம்பட்டினம் போகும் பாதையில் இறங்கி நடந்தால் அரிக்கமேடு. பெரிய கோட்டையையோ கோபுரத்தையோ எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மாவும் தென்னையும் நிற்கும் தோப்பு, ஆற்றங்கரை, பாழடைந்த இரண்டு செங்கல் சுவர்கள். அந்தச் சுவரைப் பார்த்து "ரோமாபுரிச் சுவர்" என்று பரவசப்படாதவர் இல்லை. நானும் பட்டேன். வாத்தியார் மெதுவாக, "அது பதினெட்டாம் நூற்றாண்டு சார். பாதிரிமார் பள்ளிக்கூடம். பிஞ்ஞோ தெ பெஹேன்னு ஒரு பாதிரியார் இங்கே இருந்தார்" என்றார். தோண்டிப் பார்த்ததையெல்லாம் திரும்ப மூடிவிட்டார்கள். பார்ப்பதற்கென்று எதுவும் இல்லாத அந்த இடத்தைப் போல என்னை யோசிக்க வைத்த இடம் வேறில்லை.

இந்த மேட்டை வெளி உலகத்துக்குச் சொன்னவர்களில் முந்தியவர் ஒரு துரதிர்ஷ்டசாலி. லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானநூல் பண்டிதர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கிரகம் கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து அளந்து வர வேண்டும் என்று 1760-இல் புறப்பட்டார். அவர் வந்து சேருவதற்குள் ஊரை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். 1761-இல் கிரகம் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில். விடாக்கண்டர், அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். அந்தக் காலை நேரத்தில் மட்டும் மேகம் மூடிக்கொண்டது. பிரான்சுக்குத் திரும்பினால், அவர் செத்துப்போனதாகத் தீர்மானித்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர், தரையையும் பார்த்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. காக்காயன்தோப்புக் கரையில் ஜனங்கள் பழைய பெரிய செங்கற்களைத் தோண்டி எடுப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தார். ஏதோ ஒரு ராஜாவின் கோட்டை என்று அவர்கள் சொன்னார்களாம்.

1937-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞரிடம் ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் கொண்டுவந்து விற்றார்கள். அதில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அகஸ்டஸ் சீசர் என்றார் அவர். இங்கே ரோமாபுரி நகரமே புதைந்திருக்கிறது என்று கவர்னருக்குச் சொன்னார். பிறகு 1944-இல், இந்தியத் தொல்பொருள் இலாகாவுக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஓர் உடைந்த ஜாடியின் கழுத்து. மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடி என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. எங்கே கிடைத்தது? புதுச்சேரிக்குப் பக்கத்தில். 1945-இல் வந்து தோண்டினார்.

வீலர் பெரிய தொல்பொருள் நிபுணர். அதற்கு மேல் பெரிய கதாசிரியர். பின்னாளில் லண்டன் டெலிவிஷனில் தோன்றி ஜனங்களை மயக்கியவர். சாதுவான மீனவக் கிராமம் ஒன்று. ஒரு நாள் கடலுக்கு அப்பாலிருந்து விசித்திரமான பாத்திரங்களும் மதுவும் விளக்குகளும் வந்து இறங்குகின்றன. கிராமம் கண் விழிக்கிறது: இந்த மாதிரிதான் அவர் தம் அறிக்கையில் காட்சியை அமைத்தார். எந்தத் தொடர்கதைக்கும் இதைவிட நல்ல முதல் அத்தியாயம் கிடைக்காது. அதில் மறுக்க முடியாத ஆதாரமும் இருந்தது. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த சிவப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் ஓடுகள் இங்கே கிடைத்தன. அவை எந்தக் காலத்தில் செய்தவை என்று ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும். அதைக் கொண்டு அந்த மண்ணடுக்கின் காலத்தைச் சொல்லலாம். கூடக் கிடந்த நம் ஊர்ப் பானையின் காலத்தையும் சொல்லலாம். தென்னிந்தியப் பழம்பொருள் ஆராய்ச்சிக்குக் கடிகாரம் கிடைத்தது அரிக்கமேட்டில்தான்.

ஆனால் கிராமம் தூங்கிக்கொண்டிருந்தது என்ற பகுதி நிற்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி இங்கே மறுபடி தோண்டி ஆராய்ந்தார். ரோமாபுரிச் சரக்கு வருவதற்கு முன்பே ஊர் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறது. அடியில் பல் சக்கரம் உருட்டியது போலக் கோலம் போட்ட தட்டுகளை வீலர் கடல் கடந்து வந்தவை என்று நினைத்தார். அந்த மண்ணைச் சோதித்துப் பார்த்து, இந்தியாவிலேயே செய்தவை என்று இப்போது முடிவு கட்டியிருக்கிறார்கள். மணி கோக்கிறவர்களும் சங்கு அறுக்கிறவர்களும் இங்கே தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். யவனன் வந்ததால் கண் விழித்தவர்கள் அல்ல. விழித்திருந்தவர்களிடம் சரக்கு வாங்கத்தான் யவனன் வந்தான்.

தோப்பில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்தோம். முந்தின நாள் மழை பெய்திருந்தது. வாத்தியார் குனிந்து, மண்ணிலிருந்து கடுகளவு நீலக் கண்ணாடி மணி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் அதைச் சட்டைப்பைக்குள் போடப் போனேன். "வெச்சுடுங்க சார். எடுக்கக்கூடாது" என்றார், வகுப்பில் பையனுக்குச் சொல்வது போல. வைத்துவிட்டேன்.

துணிப்பையிலிருந்து வீலரின் அறிக்கையின் பிரதி வெளியே வந்தது. 1946-இல் வெளியானது. மது ஜாடிகளைப் பற்றிச் சொன்னார். காஸ் என்ற கிரேக்கத் தீவின் மதுவுக்கு உரிய ஜாடிகள் சில. ஆலிவ் எண்ணெய் ஜாடிகள் சில. இன்னும் சில ஜாடிகளில் வந்தது ஸ்பெயின் தேசத்து மீன் சாறு. மீனை உப்பில் புதைத்து வெயிலில் ஊற வைத்து இறக்குகிற சமாசாரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் வீராம்பட்டினம் முழுவதும் கருவாட்டு வாசனை. அந்த ஊருக்கு ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மீன் சாறு வந்திருக்கிறது! "அவனுக்கு அவன் வீட்டுக் குழம்புதானே வேணும்? நம்ம ஆளுங்க வெளிநாடு போனா ஊறுகாய் எடுத்துட்டுப் போறதில்லையா?" என்றார் வாத்தியார்.

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, என் ஏழடி யவனன் சட்டென்று நாலங்குலம் குட்டையாகி, வயிற்றில் பசியோடு, வீட்டு நினைவோடு எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டான்.

பிறகு பெயர்களைக் காட்டினார். அந்தச் சிவப்புக் கிண்ணங்களின் அடியில் செய்தவன் முத்திரை இருக்கும். மூன்று முத்திரைகளின் எழுத்தைப் படித்திருக்கிறார்கள்: விபியே, காமுரி, இத்தா. காமுரி என்றால் காமுரியஸ் என்பவனுடையது என்று அர்த்தம். "இதுதான் சார் நான் எழுதினது. எங்க மண்ணில பெயர் இருக்கு" என்றார். அவர் குயவர்களைப் பற்றி ஏதோ மேலே சொல்லிக்கொண்டு போனார். நான் சரியாகக் கேட்கவில்லை. காமுரி, காமுரி என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊமை யவனன் எங்கிருந்து வந்தான் என்று அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து தேடினேன். முல்லைப்பாட்டில் அரசனுடைய பாசறை வருகிறது. அங்கே இறுக்கிக் கட்டிய உடையும் முரட்டு உடம்பும் பார்த்தால் பயப்படும் தோற்றமுமாக யவனர்கள் இருக்கிறார்கள். கூடாரத்துக்குள் அறை அமைத்து விளக்கு வைப்பது அவர்கள் வேலை. வாய் பேசாமல் சைகையால் பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். மிலேச்சர் என்று பாட்டு தனியாகச் சொல்கிறது. ஆக, யவனனிடமிருந்து உடம்பையும் மிலேச்சனிடமிருந்து ஊமைத்தனத்தையும் எடுத்து, இரண்டு ஆளை ஓர் ஆளாக்கி, சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்கள் நாங்கள். அந்த மிலேச்சன்கூட ஊமையாக இருந்திருப்பானா? நம் பாஷை தெரியாதவனாக இருந்திருப்பான். பாஷை தெரியாதவன் எல்லாம் நமக்கு ஊமைதானே.

பழைய நூல்களில் யவனனுக்கு எத்தனை தொழில்! அகநானூற்றில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் கப்பல்காரன். நெடுநல்வாடையில் அவன் செய்த பாவை விளக்கு அரண்மனையில் எரிகிறது. சிலப்பதிகாரத்தில் புகாரிலே அவனுக்கு வீடு வாசல் இருக்கிறது. மதுரைக் கோட்டை வாசலில் வாளோடு காவலும் நிற்கிறான். மணிமேகலையில் தச்சன். பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்றில் சேரன் அவனைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றி அவமானப்படுத்துகிறான். இவ்வளவு தொழிலையும் விட்டுவிட்டு, வாசல் காவல் ஒன்றை மட்டும் நாங்கள் அவனுக்குக் கொடுத்தோம்.

சாண்டில்யனைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அறுபதுகளில் குமுதத்தில் வந்த 'யவன ராணி'யில் அவர் யவனர்களுக்குப் பெயரும் கொடுத்தார், வாயும் கொடுத்தார். புகார்க் கடற்கரையில் ஒதுங்கிய ராணியும், டைபீரியஸ் என்ற தலைவனும் நம்மைவிடச் சுத்தமான தமிழில் ராஜதந்திரம் பேசுகிறார்கள். அந்த ராணிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாத வாலிபர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. நானே சாட்சி. ஆனால் மண்ணில் கிடைப்பது ஜாடிக் கழுத்து. கதையில் வருவது பொன்மேனி. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போது யாரும் அளக்கவில்லை.

இதே வேலையை அந்தப் பக்கத்தில் அவர்களும் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கிறிஸ்துவுக்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில், பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த கிரேக்கர் ஒருவர், கட்டீசியஸ், இந்தியாவைப் பற்றிப் புஸ்தகம் எழுதினார். இந்தியாவுக்கு வந்ததில்லை. நாய்த்தலை மனிதர்களைப் பற்றி எழுதினார். ஒற்றைக் காலோடு துள்ளி ஓடி, வெயில் வந்தால் மல்லாந்து படுத்து அந்தக் காலையே குடையாகப் பிடித்துக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி எழுதினார். இன்று வேற்றுக் கிரகத்து ஜந்துக்கள் என்று சித்திரக் கதைகளில் படம் போடுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் மூதாதைகள் இவர்கள். இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற கிண்டல்காரர் இந்த மாதிரிப் புளுகைச் சகிக்காமல், "நான் எழுதப்போவது முழுப் பொய்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு கதை எழுதினார். ஒரு கப்பல் சுழற்காற்றில் தூக்கப்பட்டுச் சந்திரனில் போய் இறங்குகிறது. அங்கே சந்திர ராஜாவுக்கும் சூரிய ராஜாவுக்கும் யுத்தம். விஞ்ஞானக் கதைகளுக்கு அதுதான் ஆதி என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கதையின் முன்னுரையில் கட்டீசியஸையும் அவருடைய இந்தியாவையும் பெயர் சொல்லியே பரிகாசம் செய்கிறார். சந்திரனுக்குப் போவதற்கு முன்னால் அவர்களுக்கு இந்தியாதான் சந்திரமண்டலமாக இருந்தது.

இன்னொன்று எகிப்தில் கிடைத்தது. ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில் ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் ஏடுகள். அதில் ஒன்றை 1903-இல் வெளியிட்டார்கள். ஒரு கோமாளி நாடகம். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற ரகம். காரிஷன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஒரு கோயிலில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணன் கப்பலோடு வந்து அவளை மீட்கிறான். எப்படி? இந்திய ராஜாவுக்குத் தண்ணீர் கலக்காத மதுவைக் கொடுத்துப் பரிவாரத்தோடு சாய்த்துவிட்டு. கூட வந்த கோமாளியின் ஆயுதம் ஒன்று இருக்கிறது. அவன் வயிற்றில் உற்பத்தியாகிற அந்த ஆயுதத்துக்கு எதிரிகள் சிதறி ஓடுகிறார்கள். கண்ணியமான குடும்பப் பத்திரிகையில் இதற்கு மேல் விவரிக்க முடியாது.

அந்த நாடகத்தில் நம் ராஜா பேசுகிறான். ஆனால் என்ன பேசுகிறான் என்று யாருக்கும் புரியாது. கிரேக்க எழுத்தில் ஏதோ உளறல். சென்னை ராஜதானியில் கல்வெட்டு இலாகாவில் இருந்த ஹூல்ட்ஸ் என்ற ஜெர்மானியர், 1904-இல், இதில் கன்னட வார்த்தைகள் இருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தார். வேறு சிலர் துளு என்றார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களே அதிகம். எனக்கு இதில் அபிப்பிராயம் சொல்ல யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு கதாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். கூட்டம் சிரிப்பதற்காக எழுதியவன் அகராதி பார்த்திருக்க மாட்டான்.

புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார்: யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர, நாளும் மகிழ்ந்திரு என்று. நாடகத்தில் கிரேக்கன் ஊற்ற இந்திய ராஜா குடித்துத் தலைசாய்கிறான். மது ஒன்றுதான். இங்கே அது ராஜாவுக்குப் பெருமை. அங்கே அதே ராஜா ஏமாளி. அந்த இரண்டு கதைக்கும் நடுவில் போய்வந்த ஜாடிதான் அரிக்கமேட்டு மண்ணில் கழுத்து ஒடிந்து கிடந்தது.

நம் காலத்திலும் இந்தப் பண்டமாற்று நிற்கவில்லை. 1956-இல் 'ராஜா ராணி' படத்துக்குள் கருணாநிதி சாக்ரடீஸ் நாடகத்தை வைத்தார். சிவாஜி கணேசன் விஷக் கோப்பையை ஏந்தி அடுக்குமொழியில் முழங்கியபோது, கிரேக்கத் தேசம் எந்தத் திசை என்று தெரியாதவர்களும் கண்ணீர் விட்டார்கள். 1967-இல் டெல்லியில் ஒரு வினாவிடைப் போட்டியில் குழந்தைகள் கிரேக்கத் தெய்வங்களின் பெயரைக் கடகடவென்று சொல்லிவிட்டு, ராமனைப் பெற்றவள் யார் என்றதும் விழித்ததைப் பார்த்துத்தான் அனந்த் பை அமர் சித்திரக் கதைகளைத் தொடங்கினாராம். பிரான்சில் 1959-இல் பிறந்த ஆஸ்ட்ரிக்ஸ் என்ற குள்ள வீரன் வாரந்தோறும் ரோமாபுரிச் சிப்பாய்களை மொத்திக்கொண்டிருந்துவிட்டு, 1987-இல் பறக்கும் கம்பளத்தில் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தான். அந்தப் புஸ்தகத்தில் இந்தியா என்றால் யானை, புலி, பக்கிரி, ராஜகுமாரி. கட்டீசியஸுக்குப் பிறகு இரண்டாயிரத்து நானூறு வருஷம் ஆகியும், ஒற்றைக் காலுக்குப் பதில் இரண்டு கால் கொடுத்ததுதான் முன்னேற்றம். புதுச்சேரிப் பிள்ளைகள் அதைப் பிரெஞ்சிலேயே படித்துச் சிரிக்கிறார்கள்.

மறுநாள் ஊருக்குப் புறப்படும்போது வாத்தியார் இன்னொரு தாளைக் கொடுத்தார். எகிப்தில் செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த பானை ஓடுகளின் விவரம். குஸெய்ர் அல்-காதிம் என்ற இடத்தில் தமிழ் பிராமி எழுத்தில் இரண்டு பெயர்கள்: கண்ணன், சாத்தன். முதல் நூற்றாண்டு. இன்னொரு துறைமுகமான பெரனீகேயில் கோயில் தரையில் புதைத்த இந்திய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

"பாருங்க சார், நம்ம சாத்தன் அங்கே போய்ப் பானையில பெயர் எழுதி வெச்சான். அவங்க நாடகத்தில சாத்தனைக் காணோம். குடிகார ராஜாதான் இருக்கான். நம்ம கதையிலும் அதே கதைதான்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது, கையைக்கூட ஆட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இருபத்து மூன்றாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். யவனனுக்குக் காமுரி என்று பெயர் வைத்தேன். முதல் அத்தியாயத்திலேயே அவன் ஒரு மூலையில் உட்கார்ந்து, மீன் சாறு தீர்ந்துபோன ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதாக எழுதினேன். ஏழடியை ஐந்தரை அடியாக்கினேன். வேல் பாய்ந்து விழும்போது அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்வதாக வைத்தேன்: 'மாதெர்.' லத்தீனில் அம்மா. கதாநாயகிக்கு அது புரியவில்லை. வாசகர்களுக்குப் புரியும் என்று நம்பினேன். அச்சாகி வந்தபோது பார்த்தால், பிழை திருத்துகிறவர் அதை 'மாதர்' என்று திருத்தியிருந்தார். சாகிற யவனன் கதாநாயகியைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு "மாதர்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். பல பேருக்கு அது ரொம்பவும் பிடித்திருந்ததாகக் கடிதம் வந்தது.

வாத்தியாருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பத்து நாளில் கார்டு வந்தது.

"புஸ்தகம் கிடைத்தது. சந்தோஷம். காமுரியின் பெயரைக் கண்டு மனம் நிறைந்தது. ஒரு சிறு விஷயம். காமுரி என்பது கிண்ணம் செய்த குயவனுடைய முத்திரை என்று தோப்பில் சொன்னேன். தாங்கள் கவனிக்கவில்லை போலும். அவன் அரெஸ்ஸோவிலேயே இருந்து தன் தொழிலைப் பார்த்திருப்பான். இங்கே வந்தது அவன் கிண்ணம்தான். அதைக் கப்பலில் கொண்டுவந்தவன் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளவும்."

அடுத்த பதிப்பு பதிப்பாளர் கையில் இருக்கிறது. கார்டை இந்தத் தடவை மேஜைமேல் விட்டுவைக்கவில்லை. புஸ்தகத்துக்குள், இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில் செருகி வைத்திருக்கிறேன்.